ஜூலையில் மௌசின்ராம்: ஒரே நாளில் போய் வரலாமா?

ஜூலை மாதம் அறுபது தாண்டிய அம்மாவையும் கூட்டிக்கொண்டு மேகாலயா போகிறீர்கள். ஷில்லாங்கில் தங்கிக்கொண்டு, ஒரே நாளில் மௌசின்ராம் போய் உலகிலேயே அதிகம் மழை பெய்யும் ஊரைப் பார்த்துவிட்டு வர முடியுமா, இல்லை சிரபுஞ்சியோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போய் வர முடியும். ஆனால் மழையைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒரே நாள் பயணத்தில் பயனில்லை. மௌசின்ராம் இருக்கும் காஸி மலைகளின் தெற்குச் சரிவில் மழையின் பெரும்பங்கு இரவிலும் விடியற்காலையிலும்தான் கொட்டும். காலையில் ஷில்லாங்கில் கிளம்பி, பதினொரு மணிவாக்கில் போய் இறங்கி, மூன்று மணிக்கு வண்டி ஏறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது தூறலும், பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மேகமும், "உலகின் மிக ஈரமான இடம்" என்ற பலகையும்தான். பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று நொந்துகொண்டே திரும்புகிறவர்கள் ஏராளம். குறைந்தது இரண்டு இரவு அங்கே படுத்து எழுந்தால்தான் அந்த ஊர் ஏன் பேர்பெற்றது என்பது காதில் விழும். காதில் என்றுதான் சொல்கிறேன். மழைக்காலத்து மௌசின்ராமில் கண்ணுக்கு வேலை குறைவு.

அளவைக் கொஞ்சம் நம்மூர்க் கணக்கில் பார்த்துவிடலாம். மௌசின்ராமின் ஆண்டுச் சராசரி 11,872 மில்லிமீட்டர். சென்னையில் வருடம் முழுக்கப் பெய்வது ஏறத்தாழ 1,400. 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த அந்த ஒரே நாளில் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். 2022 ஜூன் 17-ஆம் தேதிப் பதிவில் மௌசின்ராமின் 24 மணி நேர மழை 1,003.6 மில்லிமீட்டர், அதாவது தாம்பரத்தைப் போல இரண்டு மடங்கு. அன்றைக்கு சிரபுஞ்சியில் 972. இவ்வளவு பெய்தும் மௌசின்ராமில் வீடுகள் மூழ்கவில்லையே என்று கேட்டால், தண்ணீர் அங்கே நிற்பதே இல்லை என்பதுதான் பதில். செங்குத்தான சரிவில் விழுந்த வேகத்திலேயே கீழே பங்களாதேஷ் சமவெளிக்குப் போய்விடுகிறது. அந்த ஜூன் மாதம் சில்ஹெட் மாவட்டம் மூழ்கியதில் இந்த மலைகளில் பெய்த மழைக்குப் பெரிய பங்கு உண்டு. மலையில் சாலைகள் சரிந்தன, சமவெளியில் ஊர்களே தண்ணீரில் நின்றன.

ஏன் இங்கே மட்டும் இப்படி? வங்காள விரிகுடாவிலிருந்து கிளம்பும் ஈரக்காற்று பங்களாதேஷின் தட்டையான, மழைக்காலத்தில் பாதி நீராகவே கிடக்கும் நிலத்தின் மேல் தடையில்லாமல் வருகிறது. திடீரென்று எதிரில் 1,400 மீட்டர் உயரத்துக்குச் சுவர்போல் எழும்பி நிற்கிறது காஸி பீடபூமியின் தெற்கு விளிம்பு. அந்த விளிம்பு நேர்கோடாக இல்லாமல் ஆழமான பள்ளத்தாக்குகளாக உள்வாங்கியிருப்பதால் காற்று அவற்றுக்குள் நெருக்கித் தள்ளப்பட்டு மேலே ஏறுகிறது, குளிர்கிறது, கொட்டுகிறது. மௌசின்ராமும் சிரபுஞ்சியும் இந்த விளிம்பின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. வடக்கே மலையின் மறுபக்கம் இருக்கும் ஷில்லாங்கில் இதில் ஐந்தில் ஒரு பங்குகூட முழுசாகத் தேறுமா என்பது சந்தேகம். அதனால் ஷில்லாங்கில் வெயில் அடிக்கிறதே என்று குடையை அறையில் விட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள்.

அடுத்து, சிரபுஞ்சி போதுமா என்ற கேள்வி. இரண்டு ஊருக்கும் நேர்கோட்டில் பதினைந்து பதினாறு கிலோமீட்டர்தான் இடைவெளி. நடுவில் பெரிய பள்ளத்தாக்கு கிடப்பதால் சாலையில் வடக்கே ஏறிச் சுற்றித்தான் வர வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் "முடித்துவிடலாம்" என்று சொல்லும் வண்டிக்காரரை நம்ப வேண்டாம், நாள் முழுக்க வண்டியிலேயே போய்விடும். சராசரியில் மௌசின்ராம் ஒரு சிறு வித்தியாசத்தில் முன்னால் நிற்கிறது. சாதனைகளோ சிரபுஞ்சியிடம்தான். 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரை அங்கே பெய்த 26,461 மில்லிமீட்டர் இன்றுவரை பன்னிரண்டு மாத மழைக்கான உலகச் சாதனை. 1995 ஜூன் 15, 16 இரண்டு நாளில் 2,493 மில்லிமீட்டர் பெய்தது 48 மணி நேரத்துக்கான உலகச் சாதனை. எது அசல் மழையூர் என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு டீ குடித்து முடியும்வரை பேச்சுக்குப் பஞ்சமிருக்காது.

பயணியாகப் பார்த்தால் வித்தியாசம் வேறு. சிரபுஞ்சி, உள்ளூர்ப் பெயரில் சோஹ்ரா, சுற்றுலாவுக்குப் பழகிய ஊர். நல்ல தங்குமிடங்கள், சாப்பாட்டுக் கடைகள், 340 மீட்டர் விழும் நோக்காலிகாய் அருவி, விளக்குப் போட்ட மௌஸ்மாய் குகை, எல்லாம் உண்டு. மௌசின்ராம் அப்படியில்லை. கொஞ்சம் வீடுகள், கடைத்தெரு, தேவாலயம், சில எளிய ஹோம்ஸ்டே. பார்க்கும் இடம் என்று பட்டியல் போட்டால் மௌஜிம்புயின் குகை (உள்ளே சுண்ணாம்புக் கல் சொட்டிச் சொட்டி வளர்ந்த சிவலிங்க வடிவம், மேலிருந்து அதன்மேல் நீர் சொட்டிக்கொண்டே இருக்கும், அம்மாவுக்குப் பிடிக்கும்), க்ரெங் க்ரெங் காட்சிமுனை, இன்னும் ஒன்றிரண்டு. அவ்வளவுதான். அம்மா கூட வருவதால் என் யோசனை: சோஹ்ராவில் இரண்டு இரவு, அம்மாவுக்கு அந்த ஈரம் ஒத்துக்கொண்டால் மௌசின்ராமில் ஓர் இரவு. நீங்கள் தனியாகவோ நண்பர்களோடோ போவதாக இருந்தால் நேராக மௌசின்ராமுக்கே போய் இரண்டு இரவு இருங்கள் என்பேன்.

ஜூலைதான் வேண்டுமா என்பதையும் ஒருமுறை யோசியுங்கள். ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி ஜூன், ஜூலை இரண்டே மாதங்களில் கொட்டிவிடுகிறது. மழை வேண்டுமென்றால் அதைவிட நல்ல நேரம் இல்லை. ஆனால் மழையும் காட்சியும் ஒரே டிக்கெட்டில் கிடைக்காது. இணையத்தில் பார்க்கும் படங்களில் பச்சை மலை, நீலவானம், வெள்ளி நூலாக அருவி, கீழே பங்களாதேஷ் சமவெளி எல்லாம் தெரிகிறதே, அவற்றில் பல மழை ஓய்ந்த செப்டம்பர் கடைசி, அக்டோபர் வாக்கில் எடுத்தவை. ஜூலையில் நோக்காலிகாய் எதிரே அரை மணி நேரம் காத்திருந்து, இரைச்சலை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புவதும் சகஜம். சில சமயம் மேகம் இரண்டு நிமிடம் விலகும், அப்போது பார்த்தால் பார்த்ததுதான். பங்களாதேஷ் எல்லையோர ஊரான டாவ்கியில் ஓடும் ஆற்றில் படகு காற்றில் மிதப்பதுபோல் தெரியும் படங்களைக் காட்டி அதையும் சேர்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்தக் கண்ணாடித் தண்ணீர் குளிர்காலத்துக்கு உரியது, மழையில் ஆறு கலங்கிச் சேறாக ஓடும்.

எப்படிப் போவது? தமிழ்நாட்டிலிருந்து கவுகாத்தி வரை விமானம் சுலபம். ரயில்தான் பிடிக்கும் என்றால் கன்னியாகுமரி–திப்ரூகர் விவேக் எக்ஸ்பிரஸ் கோவை, சேலம், காட்பாடி வழியாகக் கவுகாத்தி போகிறது; இரண்டரை, மூன்று நாள் ஆகும், அம்மாவோடு வேண்டாம். கவுகாத்தியிலிருந்து ஷில்லாங் சுமார் 100 கிலோமீட்டர், மூன்று மணி நேரம், வழியில் உமியம் ஏரி. ஷில்லாங்குக்கு ரயில் கிடையாது. அங்கிருந்து மௌசின்ராம் அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். தூரம் குறைவு, வளைவுகள் அதிகம். ஷில்லாங்கின் பெரிய சந்தையான இயூதூ பக்கம் கிளம்பும் ஷேர் சூமோவில் உள்ளூர்க்காரர்களோடு இடித்துப் பிடித்துப் போவது மலிவு, பேச்சுத்துணையும் கிடைக்கும். ஆனால் வண்டி நிறைந்தால்தான் எடுப்பார்கள். உங்களுக்குத் தனி வண்டிதான் சரி. டிரைவர் அந்தச் சாலையில் ஓட்டிப் பழகியவரா என்று மட்டும் கேளுங்கள். மேகத்துக்குள் ஓட்டுவது தனிப் பழக்கம், சமவெளி டிரைவர்கள் திணறிவிடுவார்கள். இந்தியர்களுக்கு மேகாலயாவுக்குள் போக இன்னர் லைன் பெர்மிட் (சில வடகிழக்கு மாநிலங்களுக்குள் நுழையக் கேட்கும் அனுமதிச் சீட்டு) தேவையில்லை.

நேரக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். ஜூலையில் அங்கே நாலரை, நாலேமுக்காலுக்கே விடிந்துவிடும், மாலை ஆறே காலுக்குப் பிறகு இருட்டு. மழைநாளில் நாலரை மணிக்கே மங்கிவிடும். ஆறு மணிக்குக் கிளம்பத் தயாராக இருந்தால் பாதி வேலை முடிந்தது. மூன்று மணிக்குப் பிறகு மலைச்சாலையில் இருக்க வேண்டாம். போகிற வழியில் மௌஃப்லாங் புனிதக் காட்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நம்மூர்க் கோயில்காடு போலத்தான், அதைவிடப் பெரியது, பழையது. உள்ளேயிருந்து ஓர் இலையைக்கூட எடுத்து வரக்கூடாது என்பது அங்கே விதி. விளையாட்டுக்குக்கூட மீறாதீர்கள்.

இரவைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதற்கு வருகிறேன். தகரக் கூரைமேல் அந்த மழை விழும்போது பக்கத்துக் கட்டிலில் இருப்பவரோடு கத்தித்தான் பேச வேண்டும். சத்தத்தை அடக்க மௌசின்ராமில் சிலர் கூரைமேல் புல்லைப் பரப்பி வைக்கிறார்கள். சன்னமாகத் தொடங்கி, ஏறி, இதற்குமேல் முடியாது என்று நினைக்கும் இடத்தில் இன்னும் ஏறும். முதல் இரவு தூக்கம் வராது. இரண்டாம் இரவு அது இல்லாமல் தூக்கம் வராது என்று சொல்கிறவர்களும் உண்டு. மின்சாரம் போகும். போனில் சிக்னலும் போகும். டார்ச்சும் பவர் பேங்கும் கட்டாயம். பணம் ஷில்லாங்கிலேயே எடுத்துவிடுங்கள்.

விடிந்ததும் வெளியே வந்து பார்த்தால் ஊர் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள், கடை திறக்கும். வயலுக்குப் போகிறவர்கள் முதுகில் க்னூப் கவிழ்த்துக்கொண்டு குனிந்தபடி களை எடுப்பார்கள். மூங்கில் சட்டத்தில் அகலமான ஓலைகளை வைத்துப் பின்னிய ஆமை ஓடு போன்ற மழைமறைப்பு அது. தலையில் மாட்டினால் முதுகு வரை மூடும், இரண்டு கையும் வேலைக்கு மிஞ்சும். குடையில் அது நடக்காது. அங்கே அடிக்கும் காற்றில் நம் குடை எப்படியும் அரை நாளில் கம்பி திரும்பிவிடும். மழைக்கு முன்பே விறகும் அரிசியும் கருவாடும் சேர்த்து வைத்துவிடுவார்கள். வெளிவேலை முடியாத நாட்களில் துடைப்பம் கட்டுவது, க்னூப் பின்னுவது, கூடை முடைவது என்று வீட்டுக்குள் வேலை நடக்கும். நம் வீடுகளில் கூட்டும் பூந்துடைப்பத்தின் புல் இந்த மலைகளில் பெரிய வருமானப் பயிர். அங்கே யார் வீட்டுத் திண்ணையிலாவது அரை மணி நேரம் உட்கார்ந்து இதைப் பார்ப்பதுதான் என்னைப் பொறுத்தவரை மௌசின்ராமின் முக்கியமான காட்சி. காட்சிமுனை எல்லாம் அப்புறம்தான்.

பேசுவதற்கு இந்தி கொஞ்சம், ஆங்கிலம் கொஞ்சம் போதும். பெண்களை "கோங்" என்றும் ஆண்களை "பாஹ்" என்றும் கூப்பிடுங்கள், நம் அக்கா, அண்ணன் மாதிரி. நன்றி சொல்லவும் விடைபெறவும் "குப்லேய்" ஒன்றே போதும். கடையில் பணப்பெட்டி பெரும்பாலும் பெண் கையில்தான் இருக்கும். இந்த மலைகளின் மக்களான காஸிகள் தாய்வழிச் சமூகம், குடும்பச் சொத்து கடைசிப் பெண்ணுக்குப் போகிறது, பெற்றோரைக் கவனிக்கும் பொறுப்பும் அவளுக்கே. உங்கள் அம்மாவுக்கு இது சுவாரசியமாக இருக்கும், பேச்சைத் தொடங்கி வையுங்கள். வீட்டுக்குப் போனால் க்வாய் தருவார்கள்: வெற்றிலை, சுண்ணாம்பு, ஈரப்பாக்கு. நம் தாம்பூலம்தானே என்று முழுசாக வாயில் போட்டுவிடாதீர்கள். அந்தப் பாக்கு உடம்பைக் குப்பென்று சூடாக்கி, வியர்த்து, தலை சுற்ற வைக்கும். ஓரமாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டால் மரியாதையும் காப்பாற்றப்படும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், ஊரே தேவாலயத்தில் இருக்கும். அந்த நாளில் போய் இறங்க வேண்டாம்.

சாப்பாடு விஷயத்தில் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அசைவம், அதிலும் பன்றிக்கறி சாப்பிடுவீர்களானால் விருந்துதான். இறைச்சியோடு வேகவைத்த ஜாதோ சோறு, கறுப்பு எள் அரைத்துச் செய்யும் தோநெய்யோங், கருவாட்டில் அரைத்த துங்தாப் சட்னி. துங்தாப்பைச் சுடுசோற்றில் பிசைந்து சாப்பிட்டால் நம்மூர்க் கருவாட்டுத் தொக்குப் பிரியர்கள் இரண்டாம் தட்டு கேட்பார்கள். சைவமென்றால் மௌசின்ராமில் சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, முட்டை சேருமானால் முட்டை. அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. ஹோம்ஸ்டேயில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் தனியாகச் சமைத்துத் தருவார்கள். அம்மாவுக்குப் பருப்புப்பொடியும் ஊறுகாயும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உடைகளில் பருத்தியும் ஜீன்ஸும் வேண்டாம். நனைந்தால் நீங்கள் ஊர் திரும்பும்வரை காயாது. சீக்கிரம் காயும் சிந்தெடிக் துணி, மேலும் கீழுமாக இரண்டு துண்டு மழைக்கோட்டு, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ். பூட்ஸை இங்கிருந்து சுமக்க வேண்டாம், ஷில்லாங் சந்தையில் மலிவாகக் கிடைக்கும், அந்த ஊர்ச் சேற்றுக்குத் தகுந்த அடிப்பாகத்தோடு. ஜூலையில் வெப்பம் இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் ஈரம் எலும்பில் இறங்குவதால் ஒரு ஸ்வெட்டரும் உலர்ந்த சாக்ஸ் பல ஜோடிகளும் வேண்டும். மாத்திரை, பேட்டரி, மாற்றுத்துணி எல்லாவற்றையும் தனித்தனி பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். அட்டை உண்டு. வால்பாறைப் பக்கம் நடந்தவர்களுக்கு அது புதிதல்ல, உப்பு போதும். அடிவாரக் காடுகளில் மலேரியா இருப்பதால் கொசு மருந்தை மறக்காதீர்கள்.

இரண்டு இடங்களுக்கு ஜூலையில் போகாதீர்கள் என்று கட்டாயமாகச் சொல்வேன். ஒன்று, நோங்ரியாத் இரட்டை அடுக்கு வேர்ப்பாலம். ரப்பர் அத்திமரத்தின் வேர்களைத் தலைமுறைகளாக வழிநடத்தி வளர்த்த அந்தப் பாலம் அபூர்வமானதுதான், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு மூவாயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கி ஏற வேண்டும், பாசி பிடித்த படிகள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வறண்ட காலத்திலேயே அது கஷ்டம். சோஹ்ரா, டாவ்கி பகுதிகளில் குறைந்த நடையில் பார்க்கக்கூடிய சிறிய வேர்ப்பாலங்கள் இருக்கின்றன, அம்மாவுக்கு அவை போதும். இன்னொன்று, விளக்கும் பாதையும் இல்லாத இயற்கைக் குகைகள். மௌசின்ராம் பக்கத்தில்தான் க்ரெம் பூரி இருக்கிறது, 24 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மணற்கல் குகை, அந்த வகையில் உலகிலேயே நீளமானதாக 2018-இல் அறிவிக்கப்பட்டது. மழைக்காலத்தில் இத்தகைய குகைகளில் தண்ணீர் சட்டென்று ஏறும். யாராவது பையன் நூறு ரூபாய்க்குக் கூட்டிப்போகிறேன் என்றாலும் போகாதீர்கள். அருவிகளின் மேல்விளிம்பில் நின்று செல்ஃபி எடுப்பதும் இதே வகைதான்.

இந்த மழையூரில் குளிர்காலத்தில் குடிநீர்ப் பஞ்சம் வரும் என்றால் நம்ப மாட்டீர்கள். டிசம்பர், ஜனவரியில் மழை ஏறக்குறைய இல்லை. மேல்மண் கரைந்துபோன சுண்ணாம்புப் பாறை நிலம் தண்ணீரைப் பிடித்து வைக்காது, காடும் குறைந்துவிட்டது, ஊற்றுகள் வற்றுகின்றன. பெண்கள் குடத்தோடு தூரம் நடக்கிறார்கள். ஆகவே அக்டோபருக்குப் பிறகு போகிறவர்கள் ஹோம்ஸ்டேயில் ஒரு வாளித் தண்ணீர்தான் தந்தார்கள் என்று குறைப்பட்டுக்கொள்ள வேண்டாம். ஜூலையில் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. வெந்நீர் மட்டும் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, டிக்கெட். மௌசின்ராமிலிருந்து கிளம்பும் நாளுக்கும் கவுகாத்தியில் விமானம் ஏறும் நாளுக்கும் நடுவில் ஒரு முழு நாளைச் சும்மா விட்டு வையுங்கள். ஒரு மண்சரிவு போதும், சாலை அரை நாள் அடைபட்டுவிடும். ஷில்லாங்குக்குப் பக்கத்தில் உம்ரோயிலும் விமான நிலையம் இருக்கிறது என்றாலும், மேகம் இறங்கினால் விமானம் வராது, அதனால் கவுகாத்தியையே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாள் மிச்சப்பட்டால் ஷில்லாங்கில் இயூதூ சந்தையைச் சுற்றலாம். அம்மாவுக்குப் பிரிஞ்சி இலையும் மஞ்சளும் அங்கேயே வாங்கிவிடலாம்.